சர்க்கரைத் தண்ணீர் குடித்த செவ்வாய்க்கிழமை

முருகன் துணை

வடக்குப்பட்டு
8.9.2024

கவியாவைப் பெற்ற அம்மாவுக்கு, அவளுடைய மாமியார் ராஜலட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நானும் உங்களைக் கவியாவின் போனில் இருக்கும் ஒரே ஒரு படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, படம் எடுக்கிறவளைத் திட்டுகிற மாதிரி இருக்கிறீர்கள். உங்கள் நம்பருக்கு நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் உங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்தார். எங்கள் ஊருக்குப் பக்கம் ஒரகடம்தானே, "ஒரகடத்திலிருந்து பேசறேன்" என்றதும் வைத்துவிட்டார். பகலில் அப்பா மில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவார், போனும் அவரோடு போய்விடும், அம்மா மட்டும் வீட்டில் இருப்பாள் என்று கவியா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. தபால்காரர் பகலில்தானே வருவார். அவளுடைய ஆதார் அட்டையைப் பார்த்து விலாசம் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

போன வருஷம் வைகாசியில் உங்களுக்குச் சொல்லாமல் என் மகன் அஸ்வினும் உங்கள் மகளும் குன்றத்தூர் மலையில் தாலி கட்டிக்கொண்டார்கள். அதைப் பற்றி எழுத இப்போது உட்காரவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். எனக்கு மூன்று கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும்.

கவியாவுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. போன வாரம் குன்றத்தூரில் நாங்கள் காட்டும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தை மாதத்துக்கு மீறி வளர்ந்திருக்கிறது, பனிக்குட நீரும் கூடுதல் என்றார் டாக்டரம்மா. கூட வந்த என் நாத்தனார், "நல்லா கொழுகொழுன்னு பொறக்கப் போவுது அண்ணி" என்று சந்தோஷப்பட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 140க்குள் இருக்க வேண்டுமாம். 186 இருந்தது. இதே சோதனை ஜூலையில் செய்தபோது 128தான். "அப்ப இவ்ளோ நல்லா இருந்ததே" என்று டாக்டரம்மா பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் கவியாவிடம் கேட்டார். "உங்க அம்மாவுக்கு சுகர் இருக்கா? உங்களைச் சுமந்தப்ப இருந்ததா? உங்க வீட்ல பெரிய எடையில குழந்தை ஏதாவது பொறந்திருக்கா?" மூன்றுக்கும் "தெரியாது மேடம்" என்றாள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க என்றார் டாக்டரம்மா. அவள் தலையை ஆட்டிவிட்டு வந்து பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இது கர்ப்பகாலச் சர்க்கரை. கட்டுக்குள் வராவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார். அந்த மூன்று கேள்விக்கும் உங்களுக்குத் தெரிந்ததை ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம், திட்டுவது என்றால் மட்டும் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
ராஜலட்சுமி சீனிவாசன்


ஆலங்குளம்
16.9.2024

அஸ்வின் அம்மாவுக்கு,

கடுதாசி கிடைத்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார்.

எனக்கு சுகர் கிடையாது. அவ அப்பா வேல்ராஜுக்கு இருக்கிறது. பத்து வருசமாக மாத்திரை. போன வருசம் வலது கால் கட்டைவிரலை எடுத்தாச்சு. இதை டாக்டரிடம் சொல்லவும்.

எங்க வீட்டில் இருந்தவரை அவளுக்கு ஒரு நோய் நொடி கிடையாது. காய்ச்சல் என்று படுத்தவள் இல்லை. உங்க வீட்டுக்கு வந்துதான் சர்க்கரை வந்திருக்கிறது. மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று லட்டும் ஜாங்கிரியுமாகக் கொடுத்திருப்பீர்கள். உங்க பக்கம் அப்படித்தான் என்று கேள்வி. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஏழாம் மாசமே நான் கூட்டி வந்து, இரண்டு வேளை கஞ்சியும் கீரையுமாக வைத்துப் பார்த்திருப்பேன். அதுக்கு அவள் வழி வைக்கவில்லை. அவளாகப் போனாள். அவ அப்பா அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நானும் எடுப்பதில்லை.

சின்ன வயசிலிருந்தே அவளுக்கு வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். இப்போது இடது பக்கம் படுக்கச் சொல்வார்கள். தூங்குகிறாளா?

முப்பிடாதி


முருகன் துணை

வடக்குப்பட்டு
23.9.2024

கவியாவின் அம்மாவுக்கு அன்புடன்,

உங்கள் கடிதத்தைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். திட்டியது சரிதான். ஆனால் லட்டு, ஜாங்கிரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எங்கள் வீட்டில் ஜாங்கிரி வாங்கி மூன்று வருஷமாகிறது.

தூங்குகிறாள். இடது பக்கம் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை வைத்தால் தூங்குகிறாள். விடிந்து பார்த்தால் தலையணை தரையில் கிடக்கும், அவள் வலது பக்கம் திரும்பியிருப்பாள்.

இனிப்புத் தின்று வருவதில்லையாம் இது. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். அதனால் நர்ஸம்மா சத்யப்பிரியாவைப் பிடித்து, புரிகிற வரைக்கும் கேட்டேன். பிள்ளைக்குச் சாப்பாடு போய்ச் சேர நஞ்சுக்கொடி ஒரு வேலை செய்கிறதாம். ஆறாம் மாதத்துக்கு மேல் அதிலிருந்து சுரக்கிற நீர், தாயின் உடம்பு சர்க்கரையை முன்மாதிரி சட்டென்று இழுத்துக்கொள்ள விடாதாம். ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால்தானே பிள்ளைக்குப் பங்கு கிடைக்கும்! அதனால் இன்சுலின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு உடம்பே அதைச் சமாளித்துவிடுகிறது. சிலருக்கு முடிவதில்லை. அப்பா வீட்டில், அம்மா வீட்டில் சர்க்கரை இருந்தால் இன்னும் கஷ்டம்.

எனக்கு இது பாதிதான் ஏறியது. கவியாதான் விளக்கினாள். அவள் வேலை பார்த்த கம்பெனி கேட்டை வைத்துச் சொன்னாள். "அத்தை, காலைல ஷிப்ட் பஸ்ஸு இருவது வந்து நிக்கும்லா? செக்யூரிட்டி ஒவ்வொரு ஆளா பாஸ் பாத்து உள்ள விடுவாரு. இப்போ என் உடம்புல செக்யூரிட்டி ரொம்ப ஸ்ட்ரிக்டு ஆயிட்டாரு. ஆளுக எல்லாம் ரோட்டுலயே நிக்கி. அதான் சுகரு. கேட்டுக்கு இன்னும் நாலு செக்யூரிட்டி போட்டாத்தான் உள்ள போவும்." கம்பெனி பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அந்த ஆளு என்னியும் அப்டித்தான் நிக்க வைப்பான்" என்றார். அவள் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்த்தோம். மூன்று வேளையை ஆறாகப் பிரித்தேன். காலையில் இட்லி இரண்டு, கூடவே பயறு. மத்தியானம் ஒரு கப் சோறு, ஒரு கப் காய், ஒரு கப் பருப்பு. சாப்பிட்டதும் மாடியில் கால் மணி நேரம் நடக்கிறாள். எதையும் எழுதி வைக்கிறது என் பழக்கம். பால் வந்த நாள், காஸ் மாற்றிய நாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய நாள்கூட எழுதுவேன். இப்போது அவள் சாப்பிட்டதும், விரலில் குத்திப் பார்த்த எண்ணும் அதே நோட்டில். சாப்பிட்ட பிறகு பார்ப்பது 120க்குள் வந்துவிட்டது. காலை வெறும் வயிற்றில் மட்டும் 102, 104, 103. அது 95க்குள் வர வேண்டும். அதனால் படுக்கப் போகும் முன் இன்சுலின் ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஊசி மருந்து அதற்குப் போய்ச் சேராது என்கிறார்கள். முதல் நாள் ஊசியைத் தொடையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "எம்மா" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

அடுத்து எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். 'உங்க வீட்டுக்கு வந்துதான் சர்க்கரை' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

ஜூலை மாதம் 23ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. முதல் சோதனை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு நர்ஸம்மா, "ரெண்டு மணி நேரம் இங்கியே உக்காரணும், எங்கியும் போகக் கூடாது" என்றாள். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. செவ்வாய்க்கிழமை, முருகன் நாள். வெறுமனே பெஞ்சில் உட்காருவானேன், எட்டிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எங்கேயும் போகக் கூடாது என்றால் கடை கண்ணிக்கு என்றுதானே அர்த்தம், கோவிலுக்கு என்ன என்று நினைத்தேன். மலை ஏறினோம், பிராகாரம் மூன்று சுற்று சுற்றினோம், இறங்கினோம். சரியாக இரண்டு மணி நேரத்தில் வந்து கையை நீட்டினாள். 128.

இப்போது சாப்பிட்டுவிட்டு நடந்தால் எண் இறங்குகிறது என்று தினமும் நானே நோட்டில் எழுதுகிறேன். முந்தாநாள் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் ரத்தத்தில் இருந்த சர்க்கரையை மலைப்படியில் செலவழித்துவிட்டு வந்திருக்கிறோம். அவள் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆறு வாரம் போய்விட்டது. அந்த ஆறு வாரத்தில்தான் பிள்ளை அளவு மீறி வளர்ந்திருக்கிறது.

இதை என் மகனிடம் சொல்லவில்லை. கவியாவிடமும் சொல்லவில்லை. அவளைப் பெற்றவள் என்று உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் சொன்ன குற்றம் என்னுடையது இல்லை. ஆனால் இது என்னுடையது.

டாக்டரம்மா கேட்டதில் ஒன்றுக்குப் பதில் வரவில்லை. உங்கள் வீட்டில் பெரிய எடையில் குழந்தை பிறந்ததுண்டா? இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

ராஜலட்சுமி


ஆலங்குளம்
2.10.2024

அக்காவுக்கு,

நீங்கள் என்னைவிட மூத்தவரா இளையவரா தெரியாது. எழுதுவதற்கு ஒரு முறை வேண்டுமே என்று போட்டிருக்கிறேன்.

மூன்றாவது கேள்வியைப் போன தடவை வேண்டுமென்றேதான் விட்டேன். இந்தத் தடவையும் விடலாம் என்று ஐந்து நாள் இருந்தேன்.

கவியாவுக்கு முன்னால் எனக்கு ஒரு ஆண் பிள்ளை. 93ஆம் வருசம் ஐப்பசி. நாலரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் எடை போட்ட அம்மா, "ஏ, மூணு மாசப் பிள்ளையல்லா பெத்திருக்கா!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். கன்னம் இரண்டும் அப்படி இருக்கும். ஊரே வந்து பார்த்தது. அவ அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வந்ததிலிருந்து பிள்ளை கை கால் வெட வெட என்று நடுங்கியது. குளிருகிறது என்று துணி சுற்றினோம். சீம்பால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் அதைப் பீச்சிக் கீழே விடச் சொன்னார்கள். விட்டேன். மறுநாள் பிள்ளை துவண்டுபோனது. வாயில் எதை வைத்தாலும் சப்பவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கண் பட்டுப் போச்சு என்றார்கள். இத்தனை பேருக்கு ஏன் காட்டினாய் என்று என் மாமியார் சாகும் வரை கேட்டார்கள். அவ அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. பேசியதும் இல்லை. அன்றைக்குத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவர், திரும்பி வந்து மில்லுக்குப் போய்விட்டார். அதோடு சரி. பேர் வைக்கவில்லை. நான் மட்டும் மனசுக்குள் காசிராஜன் என்று வைத்திருந்தேன்.

முப்பத்தோரு வருசத்தில் பிள்ளை என்ன எடை என்று கேட்டது உங்க டாக்டர்தான். கவியாவுக்கு இது தெரியாது. அவள் வயிற்றோடு இருக்கிறாள், சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் மட்டும் சொல்லிக் கேளுங்கள். எனக்கும் அப்போது இதுதான் இருந்ததா? நான் சுகர் டெஸ்ட் எடுத்ததே இல்லை. கிடையாது என்று எழுதினேன், எடுக்காததால் எழுதினேன்.

மலை ஏறியதைப் பற்றி. செவ்வாய்க்கிழமை, மலை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நானாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். கூட ஒரு அங்கப்பிரதட்சணமும் செய்ய வைத்திருப்பேன். விடுங்கள்.

முப்பிடாதி


முருகன் துணை

வடக்குப்பட்டு
10.10.2024

அன்புத் தங்கை முப்பிடாதிக்கு,

எனக்கு ஐம்பத்து நான்கு. நீங்கள் போட்ட முறையையே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். கவியாவை எடை பார்க்க அனுப்பிவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்குப் பாக்காம இன்னிக்கு நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றது எல்லாம் அதுக்குத்தான் பொருந்துது. அம்மாவுக்கு சர்க்கரை கூடுதலா இருந்தா அது புள்ளைக்கும் போகும். புள்ள அதைச் சமாளிக்கத் தானே இன்சுலினை நிறைய சுரந்துக்கும். அதனாலதான் அவ்ளோ பெருசா வளரும். கொடி அறுத்ததும் சர்க்கரை வர்றது நின்னுடும், ஆனா இன்சுலின் உடனே நிக்காது. அப்ப புள்ளைக்குச் சர்க்கரை கீழ போயிடும். நடுங்கும். உடனே பால் குடுக்கணும். அந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்லன்னு நான் சொன்னதா எழுதுங்க."

எழுதிவிட்டேன். கண்ணும் இல்லை, காட்டியதும் இல்லை, நீங்களும் இல்லை.

நீங்கள் எழுதியதால் இன்னொன்றும் நடந்தது. பிரசவத்தின்போது குழந்தை டாக்டர் பக்கத்திலேயே இருக்கும்படி சீட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டார். பிறந்ததும் குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்களாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். முதல் பால், சீம்பால்தான்.

மன்னிக்க வேண்டும், ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சீட்டைக் கவியா பஸ்ஸில் எடுத்துப் படித்துவிட்டாள். 'தாயின் முதல் குழந்தை, 4.5 கிலோ, இரண்டாம் நாள் மரணம்' என்று இருந்தது. ஒரகடம் கூட்டு ரோடு வரைக்கும் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு, "அத்தை, எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா?" என்று கேட்டாள்.

நான் உங்கள் கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தாள். அன்றைக்கு மலை ஏற வைத்ததை என் குற்றமாக நான் மனதில் வைத்திருந்ததும், அதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. என்னைப் பார்த்து, "அத்தை, படியேறுதப்போ நான்தான முன்னால போனேன். நீங்க மூச்சு வாங்கிட்டுல்லா பின்னால வந்திய" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது. டிக்கெட் கொடுக்கிறவர், "இன்னாம்மா, இறங்கலியா?" என்கிறவரைக்கும் இறங்கத் தோன்றவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் இப்போது 91, 89, 92. பிள்ளை வளர்கிற வேகம் குறைந்து மட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சர்க்கரைப் பொங்கல் கிடையாது. கலந்த சாதம் எல்லாம் பேருக்கு ஒரு ஸ்பூன், சுண்டல் நிறைய. அவள் வாய் விட்டுக் கேட்கவில்லை. ஆனால் வளையல்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்காமல், தென்காசி ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறாள். வாருங்கள்.

அன்புடன்
ராஜலட்சுமி


முருகன் துணை

வடக்குப்பட்டு
2.11.2024

அன்புத் தங்கைக்கு,

வளைகாப்புக்கு நீங்கள் வரவில்லை. பதிலும் இல்லை. முடியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன், வேறு விதமாக நினைக்கவில்லை. மாலை போட்டு உட்கார்ந்திருந்த கவியா, கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு எழுதாமல் இருக்க என்னால் முடியாது. சொல்ல வேண்டிய செய்தி அப்படி.

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அக்டோபர் முப்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. சுகப்பிரசவம். மூன்று கிலோ இருநூறு.

முழுவதும் சொல்கிறேன். என்னை உள்ளே விடவில்லை. கந்தர் சஷ்டிக்கு வழக்கமாக ஆறு நாள் பட்டினி இருப்பேன். இந்த வருஷம் இவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருக்க மாட்டேன் என்று முருகனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். வாசலில் நின்றபோது அது சரிதானா என்று ஒரு பயம் வந்துவிட்டது. அஸ்வின் நைட் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்து நின்றான். குழந்தை அழுத சத்தம் கேட்டது. கை கூப்பினேன். கொஞ்ச நேரம் யாரும் வெளியே வரவில்லை.

பிறகு சத்யப்பிரியா வந்து, "குதிகால்ல பாத்தோம்மா, 38 கீது. குறைச்சல்" என்றாள். உங்கள் காசிராஜன்தான் கண் முன்னால் வந்தான். அவனை நான் பார்த்ததுகூட இல்லை. "நடுங்குதா?" என்று கேட்டேன். "லேசா. பால் குடுக்கச் சொல்லிக்கினு இருக்காங்க" என்று உள்ளே ஓடினாள்.

கவியா சொன்னதை எழுதுகிறேன். குழந்தையை அவள் நெஞ்சில் போட்டார்களாம். முதலில் வாய் வைக்கவில்லை. அந்த மஞ்சள் பாலைச் சொட்டுச் சொட்டாகப் பீச்சி, சின்னக் கரண்டியில் பிடித்து, ஊட்டினார்களாம். நான்காவது கரண்டியில் நாக்கை நீட்டியிருக்கிறாள். அதற்கப்புறம் தானே பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து 49. அடுத்தது 58. சாயங்காலம் 64. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டேன்.

இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது தங்கை. ஒரு சின்ன ஊசிக் குத்தும், நான்கு கரண்டிச் சீம்பாலும். அன்றைக்கு உங்களுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எங்களுக்கும் குழந்தை டாக்டர் பக்கத்தில் நின்றிருப்பாரோ என்னவோ. உங்கள் மகன்தான் தன் தங்கை மகளைக் காப்பாற்றினான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படி நினைக்கலாம்.

கவியாவுக்கு ஊசி நிறுத்தியாகிவிட்டது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடுமாம். ஆறு வாரம் கழித்து ஒரு சோதனை, அப்புறம் வருஷா வருஷம். இனி எந்தச் சோதனை என்றாலும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க விட மாட்டேன்.

நீங்கள் வர வேண்டும் என்று இனிமேல் எழுத மாட்டேன். சங்கடப்படுத்துவது மாதிரி ஆகிறது. உள்ளேயிருந்து கவியா, "கன்னம் அம்மா மாதிரின்னு எழுதுங்க அத்தை" என்கிறாள். எழுதிவிட்டேன்.

அன்புடன்
ராஜலட்சுமி


ஆலங்குளம்
9.11.2024

என் சம்பந்தி அக்காவுக்கு, முப்பிடாதி வணக்கம் சொல்லி எழுதுவது.

இந்தத் தடவை உங்கள் கடுதாசி என் கைக்கு வரவில்லை. நான் சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்கப் போயிருந்தேன். கால் புண்ணுக்குக் கட்டுப் போட என்று அவர் மில்லுக்குப் போகாமல் இருந்த நாள். தபால்காரர் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது கதவடியில் உட்கார்ந்திருந்தார். கடுதாசி மடியில் பிரித்துக் கிடந்தது. என் உயிர் போய்விட்டது. வளைகாப்புக்கு அழைத்து எழுதியதையும் அவரிடம் நான் காட்டவில்லை. பயந்துகொண்டு பதிலும் போடாமல் இருந்தேன். அது என் தப்பு. வளைகாப்பு அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பீடி சுற்றினேன், ஒரு கட்டுகூடச் சரியாக வரவில்லை.

என்ன சொல்லப் போகிறாரோ என்று நின்றேன். "ஏட்டி, காசிராஜன் யாரு?" என்று கேட்டார்.

சொன்னேன். "நம்ம மூத்த பய. நாந்தான் பேரு வச்சேன். மனசுக்குள்ள."

"எங்க அய்யா பேருல்லா அது" என்றார்.

"அதான் வச்சேன்."

கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் துணியில சுத்தித் தூக்கும்போதுகூட அவன் சூடா இருந்தாம்ட்டி" என்றார். முப்பத்தோரு வருசத்தில் அவர் அவனைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசினோம். இதுவரை பேசாத எல்லாவற்றையும் பேசினோம். அடுப்பில் உலை கொதித்து வற்றிப்போனதுகூடத் தெரியவில்லை.

நேற்றுக் காலையில் தானே டவுனுக்குப் போய், இரண்டு டிக்கெட்டோடு வந்தார். தென்காசியில் ஏறி, புதன்கிழமை காலையில் தாம்பரத்தில் இறங்குகிறோம். வியாழக்கிழமை பேர் வைக்கும் நாளாமே, அஸ்வின் தம்பி சொன்னார். ஆமாம், அவர்தான் போன் போட்டார். இந்தத் தடவை "ஒரகடத்துல இருந்து பேசறேன் மாமா" என்றதும் இவர் வைக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றார் தெரியுமா. கடைசியில் "ம், சரி" என்று என்னிடம் நீட்டிவிட்டார். அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அதை நான்தான் எடுத்தேன். எங்க பக்கம் பெண் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைப்பது கிடையாது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் தங்க வேண்டும், இவருக்கு வேளைக்கு மாத்திரை போட வேண்டும், வெளியில் கடையில் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. என்ன செய்ய என்று கேட்டேன்.

அவர் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். "பொண்ணைக் குடுத்தவன்தானட்டி கை நனைக்கக் கூடாது? நான் எங்க குடுத்தேன்? அவளால்லா போனா."

ஆகவே சாப்பிடுகிறோம் அக்கா. அவருக்குச் சர்க்கரை. சோறு ஒரு கரண்டிதான் வைக்க வேண்டும், மறு சோறு கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஆனால் இலை மட்டும் நல்ல தலைவாழை இலையாகப் போடுங்கள்.

உங்கள் சம்பந்தி
முப்பிடாதி வேல்ராஜ்